ஒன்றாவது சிலிண்டர்

கார் நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்த மாமனாரும் சேர்ந்து உதறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு உதறலுக்கும் அவருடைய மூக்குக்கண்ணாடி நூலளவு கீழே இறங்கியது. அவர் பொறுமையாக அதை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

தெருவுக்கே அவர் மாப்பிள்ளைதான். வயது நாற்பத்தெட்டு, தலையில் பாதி வழுக்கை, ஆனாலும் மாப்பிள்ளை. ஏனென்றால் வீடு மாமனாருடையது. மாமியார் காலமானதும் அப்பாவைத் தனியாக விட முடியாது என்று மனைவி சொல்ல, வந்து குடியேறி ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் நடந்த அத்தனை சண்டைக்கும் கிழவர்தான் காரணம் என்பது மாப்பிள்ளையின் முடிந்த முடிவு. கிழவர் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் அவரைப் பார்த்தாலே மாப்பிள்ளைக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் மனைவியிடம் கத்துவார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். அப்படியென்றால் கத்த வைத்தது யார்? கணக்கு அவருக்குத் தெளிவாகவே இருந்தது.

தப்பு யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குத் தொழிலே. தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனியில், புகார்ப் பிரிவில் பதினேழு வருஷம். எரிந்துபோன மோட்டார், ஷாக் அடித்த மோட்டார், கிணற்றுக்குள்ளேயே விழுந்த மோட்டார் என்று எது வந்தாலும், 'இயந்திரத்தில் பழுது இல்லை, பயன்படுத்திய விதத்தில்தான் தவறு' என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

போன செவ்வாய்க்கிழமை அவருக்கு விடிவு பிறந்தது. அன்றைக்கும் தட்டைத் தள்ளியாயிற்று. சிந்தியதை மனைவி துடைத்து முடித்தாள். அப்புறம் துணி மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இந்த வீட்டுல மூணு பேர் ஒண்ணா இருக்க முடியாது. ஒருத்தர் போனாத்தான் நிம்மதி. ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

அவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"உங்கப்பாகிட்ட யார் சொல்றது?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அப்புறம் சரின்னுட்டாரு."

அன்றைக்கு அவர் விசிலடித்துக்கொண்டே குளித்தார். குளியலறைக் கதவுக்கு வெளியே மனைவி கையில் துண்டோடு வெகு நேரம் நின்றிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பார்த்துக் கார் உதற ஆரம்பித்தது. சனிக்கிழமை கேட்டதற்குத் திங்கள்தான் கை வைக்க முடியும் என்றான் பட்டறைக்காரன், ஞாயிற்றுக்கிழமை எந்தப் பட்டறையும் திறக்காது. சகலை வீட்டில் இருக்கிற நேரத்தில் போய் இறங்குவதுதான் மரியாதை என்று மனைவி சொல்லியிருந்தாள். அவனோ மூன்று மணிக்கு வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிடுவான், அடுத்த லீவு ஒரு மாதம் கழித்து. ஒரு மாதத்தில் மனைவியின் மனசு மாறிவிட்டால்? இன்னும் ஒன்பது வருஷம் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவரால் முடியாது. எப்பாடு பட்டாவது இன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

பழுதைக் கண்டுபிடிக்கிற சின்னக் கருவி ஒன்றை ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கிச் சொருகிப் பார்த்தார். ஒன்றாவது சிலிண்டரில் தீப்பொறி வரவில்லை என்றது அது. தீப்பொறி கொடுப்பது இக்னிஷன் காயில். சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில், என்ஜின் தலைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதில் சொருகியிருக்கிற ஒயர் ப்ளக்கைப் பிடுங்கி, ஒரு போல்ட்டைக் கழற்றி, உருவி எடுத்துவிட்டுப் புதுசை வைக்க வேண்டியதுதான். போனில் பார்த்த வீடியோவில் ஒரு ஆள் அதை நாலு நிமிஷத்தில் செய்து காட்டிவிட்டுக் கையைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை சனிக்கிழமையே ஒரு காயில் வாங்கி வைத்துவிட்டார்.

சாமான்களையும் காலையில் அவரேதான் ஏற்றினார். மூன்று பெட்டி. நாலு சட்டையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற கிழவருக்கு மூன்று பெட்டி எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. திரும்பி வர முகாந்திரமே இல்லாதபடி எல்லாவற்றையும் அனுப்புகிறாள் போலிருக்கிறது என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். மனைவியின் தையல் மெஷினும் இருந்தது. தங்கைக்குக் கொடுக்கிறாளாக்கும். இடுப்பு விண்ணென்று தெறித்தாலும் சந்தோஷமாகவே தூக்கி வைத்தார்.

"நீங்க இவ்வளவு ஆர்வமா இருப்பீங்கன்னு நான் நினைக்கலை," என்றாள் மனைவி.

"கடமைன்னு வந்துட்டா செஞ்சுதானே ஆகணும்," என்றார் அவர்.

என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் தூக்கினார். எதிர்வீட்டுக்காரர் தெருவைக் கடந்து வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்து ஓய்வு பெற்றவர்.

"ஒண்ணாவதுன்னா எந்தப் பக்கத்துலேருந்து எண்ணினீங்க, மாப்பிள்ளை?"

"ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதவனா நானு? நான் நிக்கிற பக்கத்துலேருந்துதான்."

எதிர்வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை ஸ்பேனரைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கீழே வைத்தார். அவர் வாயை மூடிக்கொண்டார், ஆனால் போகவில்லை.

பேட்டரியை ஒட்டியிருந்த காயிலில் மாப்பிள்ளை கை வைத்தார். ப்ளக்கைப் பிடித்து இழுத்ததில், அதைப் பூட்டிவைக்கிற பிளாஸ்டிக் நாக்கு பட்டென்று முறிந்தது. தரம் கெட்ட பிளாஸ்டிக் என்று திட்டிவிட்டு, காயிலை உருவி, இரண்டு நாளாகத் தனக்குச் செய்த துரோகத்துக்குத் தண்டனையாக அதைத் தெருச் சாக்கடையில் வீசினார். எதிர்வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

புதுக் காயில் உட்கார்ந்தது. ப்ளக் உட்காரவில்லை, தொளதொளவென்று ஆடியது. சாவியைத் திருப்பினார். முன்பு உதறிய கார் இப்போது துள்ளியது. மாமனாரின் கண்ணாடி மூக்கு நுனிக்கே வந்துவிட்டது.

ப்ளக்கை இறுக்கிக் கட்டக் கொஞ்சம் நூல் கொண்டு வரச் சொன்னார். நூல்கண்டெல்லாம் தையல் மெஷினோடு பெட்டியில் போய்விட்டது என்றாள் மனைவி. தலையில் போட்டிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவிழ்ந்த முடியைக் கையால் முடிந்துகொண்டாள். அவள் கண் சிவந்திருந்தது. பெற்ற அப்பாவை அனுப்புகிறாள், அழட்டும் என்று அவர் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

ரப்பர் பேண்டு போட்டும் கார் துள்ளியது. ஒயர் ப்ளக்குகளில் அழுக்கு ஏறியிருக்கும் என்று அடுத்த யோசனை வந்தது. நான்கையும் பிடுங்கி, பனியனால் பளபளவென்று துடைத்துத் திரும்ப மாட்டினார். நடுவில் இருந்த இரண்டும் இடம் மாறிப்போனதை அவர் கவனிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கவனித்தார். அவர் கையைத் தூக்குவதற்குள் மாப்பிள்ளை சாவியைத் திருப்பிவிட்டார்.

சைலன்சர் வெடித்தது. தெருவில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. மாமனாரின் கண்ணாடி காலடியில் விழுந்தது. அவர் குனிந்து தடவி எடுத்து, சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் நேராகப் பார்த்து உட்கார்ந்தார்.

"கொஞ்ச நேரம் இறங்கி நிக்கக்கூடாதா? உங்களைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கை ஓடலை!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

மனைவி படியில் நின்றிருந்தாள். அப்பாவிடம் கத்தாதீர்கள் என்று சொல்வதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் கார் உயிர்பெறவே மறுத்தது. திருப்பினார், திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார். கர்கர் என்றிருந்தது டிக் டிக் என்று ஆகி, கடைசியில் அதுவும் அடங்கியது. பேட்டரி செத்துவிட்டது. மணி ஒன்று. மாப்பிள்ளை கரி படிந்த கையோடு பம்பரில் உட்கார்ந்தார். வாடகைக் காருக்குப் போன் போட்டார், மூன்று மணிக்கு மேல்தான் வண்டி என்றார்கள். ஒரு மாதம். இன்னும் முழுசாக ஒரு மாதம்.

எதிர்வீட்டுக்காரர் அப்போதுதான் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். ஒன்றாவது சிலிண்டர் என்பது நாம் நிற்கிற பக்கத்தைப் பொறுத்தது இல்லை, பெல்ட் ஓடுகிற பக்கத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். மாப்பிள்ளை ஒன்று என்று எண்ணியது நாலு.

"அப்ப நான் சாக்கடையில போட்டது?"

"நல்ல காயில்," என்றார் அவர். "கெட்டது இன்னும் அதே இடத்துலதான் இருக்கு."

மாப்பிள்ளை சாக்கடையை எட்டிப் பார்த்தார். அதற்குள் ஒரு கார் சத்தமே இல்லாமல் வந்து வாசலில் நின்றது. சகலை இறங்கினான். மனைவி போன் பண்ணி வரச் சொல்லியிருக்கிறாள்.

போன உயிர் திரும்பி வந்தது மாப்பிள்ளைக்கு. சகலையிடம் உதவி கேட்பதைவிட நடந்தே போகலாம் என்று நினைக்கிற ஆள்தான். ஆனால் இன்றைக்கு ரோஷம் பார்க்கிற நேரமில்லை. பெட்டி மூன்றையும் ஓடி ஓடி அவரே மாற்றினார். தையல் மெஷினை மறுபடி தூக்கினார். சகலை அவர் முகத்தைப் பார்க்காமல் டிக்கியை மூடினான்.

மனைவி கைப்பையோடு வந்தாள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாள். தான் போடுவது ஒரே ஒரு பிரஷர் மாத்திரை, அதற்கு ஒரு பட்டியலா என்று நினைத்துக்கொண்டார். அவள் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவைக் கூடப் போய் விட்டுவிட்டு வரட்டும், நியாயம்தானே.

"சாயங்காலம் வந்துடுவியா?" என்று கார் ஜன்னலுக்கு வெளியே குனிந்து கேட்டார்.

அவள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் மாமனார் பக்கம் பார்த்தாள்.

மாப்பிள்ளை தன் காரின் முன்கதவைத் திறந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் மனசில் கிழவர் மேல் ஒரு இரக்கம் சுரந்தது. கையை நீட்டினார்.

"வாங்க மாமா. அந்த வண்டியில ஏறிக்குங்க. நேரமாகுது."

மாமனார் பெல்ட்டை அவிழ்த்தார். துணிப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சகலையின் காருக்குப் போய், திறந்திருந்த கண்ணாடி வழியாக மகளின் தலையை ஒரு தடவை தொட்டார். கார் கிளம்பியது. அவர் திரும்பி வந்து, வாசல்படியில் ஏறி, வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்காக நின்றார்.

"நான் எங்க மாப்பிள்ளை போறேன்? மகளை விட்டுட்டு வரத்தான் வண்டியில உட்கார்ந்திருந்தேன். அவ சொன்ன அந்த ஒருத்தர் அவளேதான், நீங்கதான் தப்பான பக்கத்துலேருந்து எண்ணிட்டீங்க."