மடுத்தீனின் வலது காலும் ஒரு வொலியூம் பெடலும்

இயேசு மரி சூசை துணை

வெள்ளவத்தை,
19.09.1999

என்றும் மதிப்புக்குரிய கொன்ஸ்ரன்ஸ் மச்சாளுக்கு,

மடுத்தீன் எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை மாக்ரெட்டும் இங்கே சுகம். மெல்பேர்ணில் நீங்களும் முழங்கால் நோ குறைந்து சுகமாக இருக்க மன்றாடுகிறோம். மாக்ரெட் சுகம் என்று எழுதியது அவளுடைய உடம்பைப் பற்றி மட்டும். மூன்று கிழமையாக அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. காரணம் நீங்கள் கப்பலில் அனுப்பிய கிற்றார்.

வில்பிரட் சகலன் விட்டுப்போன ஸ்டீல் கிற்றார் ஆடி மாதம் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. மேசை மாதிரி நாலு கால், மேலே பத்துக் கம்பி, கீழே சுருதி மாற்ற இடது காலுக்கு மூன்று பெடல், முழங்காலால் தள்ளுவதற்கு இரண்டு பக்கமும் தொங்கும் பிடிகள், எல்லாம் சரி. கூட வந்த சின்னப் பெட்டியில் ‘சப்பாத்து’ என்று நீங்கள் எழுதியிருந்தபடியால், செத்தவரின் உடுப்பையும் சப்பாத்தையும் ஆண்டுப் பூசை முடியுமட்டும் தொடக்கூடாது, பிறகு இல்லாதவர்களுக்குக் கொடுப்பதுதான் எங்கள் அம்மா வீட்டு முறை என்று சொல்லி மாக்ரெட் அதைப் பிரிக்காமலே அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். வராதது ஒன்றே ஒன்று, வலது காலுக்கான வொலியூம் பெடல். அதை யாருக்காவது கொடுத்திருப்பீர்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் இந்தக் கிற்றாருக்கு உயிர் இல்லை. கம்பியைத் தட்டியதும் சத்தம் எழும்பித் தேயத் தொடங்கும். தேயத் தேய வலது காலால் பெடலை மெல்ல மெல்ல அமத்தினால்தான் அது அறாமல் நின்று அழும். கொட்டாஞ்சேனையில் கிற்றாரை மடியில் வைத்து வாசித்த காலத்தில் சகலன் அதையே சின்ன விரலால் சத்தம் கூட்டும் திருகியைத் திருப்பிச் செய்தார். என் கலியாண வீட்டில் தன்னுடைய வோல்ஸ் நடன மெட்டை அவர் அப்படி இழுத்தபோது, சோடா பரிமாறிக்கொண்டு நின்றவர்கள்கூடத் தட்டோடு நின்றுவிட்டார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்கள் நீலச் சாறி கட்டியிருந்தீர்கள்.

மார்கழியில் ஆண்டுப் பூசைக்கு வரும்போது, பூசை முடிந்து வீட்டில் அந்த மெட்டை நான் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். “கிற்றாரை மடுத்தீனிட்டக் குடு, அவன் வாசிப்பான்” என்று அவர் கடைசியாகச் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்று அழுதேன், மச்சாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பெடல் தேடப் புறப்பட்டேன்.

முதலில் நுகேகொடையில் ஒரு வாத்தியக் கடை. கடைக்காரர் ஒரு பெரிய கறுப்புப் பெடலைத் தூக்கி வைத்து, “அங்கிள், மே தமாய் ஹொந்தம எக” என்றார். ஆகத் திறமானது இதுதான் என்றால் வாங்காமல் வர முடியுமா? வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தால் வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். இரும்பும் வயருமாக ஒரு பொதியோடு, மடுத்தீன் என்ற தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு நான் நிற்கிற கோலத்தை நினைத்துப் பாருங்கள். “மொக்கத மே?” என்று ஆமிக்காரன் கேட்டான். வாத்தியச் சாமான் என்றேன். “பாகலா பென்னன்ன” என்றான். மிதித்துக் காட்டச் சொன்னால் மிதிக்கத்தானே வேண்டும்? காலி வீதி ஓரத்தில், வெய்யிலுக்குள், சத்தமே வராத பெடலை நான் மிதித்துக்கொண்டு நின்றேன். போதும் என்று அவன் சொன்ன பிறகும் கால் நிற்கவில்லை. அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். வீட்டில் பூட்டிப் பார்த்தால் அது கீபோட்டுக்குச் செய்த பெடல், கிற்றாரின் சத்தம் போர்வைக்குள்ளே இருந்து வருகிற மாதிரி வந்தது. அது போகட்டும், அந்தப் பெடலின் உயரத்துக்குக் காலைத் தூக்கி வைத்தால் முழங்கால் போய்ப் பக்கத்துப் பிடியை இடிக்கிறது, பிடி இடிபட்டால் சுருதி சரிகிறது. இரண்டாம் நாள் கீழ் வீட்டு லுத்பியா, மேலே ஆடு வளர்க்கிறீர்களா என்று ஆளனுப்பிக் கேட்டார்.

அடுத்தது பொரளையில் றேடியோ திருத்துகிற செல்லையா. “ஐயா, ஏன் காசைக் குடுத்து வாங்குறியள்? நான் செய்து தாறன்” என்றார். தந்தார். மின்சாரத் தையல் மெசினின் பெடல். உள்ளுக்கு எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். உயரம் குறைவு, சத்தமும் துப்புரவு. ஆனால் அடியில் ஒரு சுருள் பிறிங் இருந்ததை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. காலைக் கொஞ்சம் தளர்த்தினால் பெடல் துள்ளி மேலே வந்துவிடும், பாட்டு நடுவில் அறுந்துவிடும். திருப்பிக் கொண்டுபோனேன். “காலை வைச்சா வரும், எடுத்தா நிக்கும், கரண்ட் மிச்சம்தானே ஐயா?” என்றார். பிறிங்கைக் கழற்றிவிட்டு வந்தேன்.

பிறிங் போன பிறகுதான் உண்மையான வருத்தம் எது என்று விளங்கியது. வருத்தம் என் காலில். முப்பத்தொரு வருஷம் கொட்டாஞ்சேனைக் கோவிலில் கால் ஆர்மோனியம் வாசித்தவன் நான். இரண்டு காலாலும் மாறி மாறிக் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் பூசை நடுவில் பாட்டுச் செத்துவிடும். அந்தப் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. கைகள் கம்பிக்குப் போனதும் கால்கள் தாங்களாகவே ஊதத் தொடங்குகின்றன. வலது கால் ஊத ஊதச் சத்தம் ஏறி இறங்குகிறது, இடது கால் ஊத ஊதச் சுருதி ஏறி இறங்குகிறது. ரப்பர் செருப்பு வேறு பெடலில் வழுக்குகிறது. கேட்டுக்கொண்டிருந்த மாக்ரெட் சொன்னாள்: “ஆரோ குறட்டை விடுற மாதிரிக் கிடக்கு. அக்கா ஆண்டுப் பூசைக்கு வாறா, சிரிக்க வரேல்லை. உங்களால ஏலாதெண்டா இப்பவே எழுதிப் போடுங்கோ.” நான் ஏலும் என்றேன். அன்றைக்கு என்னோடு கதைக்கிறதை விட்டவள்தான்.

ஆர்மோனியத்தைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கலியாண வீடு கலியாண வீடாக நானும் சகலனும் அலைந்த காலத்திலேயே அவர் இதைச் சொல்லியிருக்கிறார். “மடுத்தீன், உன்ர கால் ஒருநாளும் சும்மா இராது. சாமியார் பிரசங்கம் வைக்கேக்கயும் அமத்திறாய்.” பிறகு என் முழங்காலில் கையை வைத்து அழுத்திப் பிடிப்பார். அப்படிப் பிடித்துக்கொள்ள இப்போது ஆள் இல்லை.

ஆகையால் தயவுசெய்து, வரும்போது அங்கே ஒரு பெடல் வாங்கிவர வேண்டும். உயரம் குறைந்ததாக, முழங்கால் பிடியில் படாததாக இருக்க வேண்டும். கிற்றாருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். விட்ட இடத்தில் நிற்க வேண்டும், துள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறுக்கமாக இருக்க வேண்டும். கடையில் உள்ளதிலேயே ஆக இறுக்கமானதை, கிழவன் ஒருவன் உதைத்தாலும் அசையாததைக் கேளுங்கள். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், மச்சாள், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் வாசித்துப் பதிந்த கசெற் உங்களிடம் இருக்குமே, ஆண்டுப் பூசை அன்று அதைப் போட்டுக் கேட்போம். நான் வாசித்து அவருடைய மெட்டைக் கெடுக்க மாட்டேன்.

பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர் சொல்லுங்கள். குளிருக்குக் காலுறை போடாமல் இருக்க வேண்டாம் என்று மாக்ரெட் சொல்லச் சொன்னாள், அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். உங்கள் செபத்தில் எங்களையும், குறிப்பாக என் வலது காலையும், நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாறாத
மடுத்தீன்

பி.கு: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். பெடல் வாங்க வேண்டாம். கடித உறைக்குப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது மாக்ரெட் வந்து நின்றாள். “பிழை உந்தச் செருப்பிலதான். அத்தான்ர சப்பாத்தைப் போட்டு ஒருக்கா வாசியுங்கோ. ஆண்டவர் கோவிக்க மாட்டார்” என்று, தான் போட்ட கட்டளையைத் தானே மீறி, கதிரையில் ஏறிப் பெட்டியை இறக்கினாள். மேலே கறுப்புச் சப்பாத்துச் சோடி. அதற்குக் கீழே அவருடைய கம்பளிச் சட்டையில் சுற்றியபடி வொலியூம் பெடல்! காலுக்குரியதையெல்லாம் ஒரே பெட்டியில் கட்டியிருக்கிறீர்கள், மச்சாள். பெடலுக்கு அடியில் முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாக இரண்டு மரத்துண்டுகள் பூட்டியிருக்கின்றன. எப்படி உதைத்தாலும் ஒரு விரலளவுக்கு மேல் அசையாது. ஒரு துண்டில் பிளாஸ்டர் ஒட்டி, நடுங்கின கையெழுத்தில் சகலன் எழுதியிருக்கிறார்: “மடுத்தீனுக்கு. இப்ப அமத்திப் பாரடா.”

வாசித்தேன். இடது காலைத் தரையில் விட்டேன், வலது கால் தன்பாட்டில் ஊதியது. சத்தம் கலையவில்லை, இலேசாக மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். மாக்ரெட் பக்கத்தில் வந்து இருந்து கடைசிவரை கேட்டாள். சப்பாத்து எனக்கு ஓர் அளவு பெரிது, முன்னுக்குப் பஞ்சு வைத்திருக்கிறேன். பூசைக்குப் பிறகு அதை மட்டும் யாருக்கும் கொடுக்கச் சொல்ல வேண்டாம்.