இருபத்துநாலாம் நம்பர் சட்டை

"மாமா, மெஷின் சரியாயிடுச்சு. நான்தான் நனைஞ்சுட்டேன்."

மைத்துனன் தலையெல்லாம் சோப்பு நுரையோடு நின்றான். நாட்டின் கால்பந்து அணிக்கு உடைகளைத் துவைத்து அடுக்கித் தருவது உடைப் பொறுப்பாளரான மாமாவின் வேலை. பெரிய போட்டிக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டத்தன்று பார்த்து சலவை இயந்திரம் மக்கர் செய்தது. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த மனைவியின் தம்பியை அவசரமாக வரவழைத்திருந்தார்.

"தம்பிக்குச் சளி பிடிச்சா உங்களைத்தான் கேப்பேன்" என்று மனைவியிடமிருந்து போனிலேயே எச்சரிக்கை வந்துவிட்டது.

நல்லவேளை, இருபத்துநாலாம் நம்பர் ஆட்டக்காரர் காய்ச்சலில் ஓட்டலிலேயே படுத்திருந்தார். அவர் உடையும் காலணியும் மைத்துனனுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தின.

"துணி காயற வரைக்கும் பெஞ்சு ஓரமா உக்காரு. வாயைத் திறக்காதே."

பயிற்சி ஆட்டம் என்பதால் எத்தனை பேரையும் மாற்றிக்கொள்ளலாம் என்று இரு அணியும் பேசி வைத்திருந்தன. பயிற்சியாளர் வந்து பத்து நாள்தான் ஆகிறது. அவருக்கு முகங்கள் பிடிபடவில்லை, நம்பர்தான் கணக்கு. இடைவேளை முடிந்ததும் பெஞ்சைப் பார்த்தார்.

"இருபத்துநாலு! என்ன வேடிக்கை பாக்கறே? போ உள்ளே!"

வாயைத் திறக்கக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தாரே. மைத்துனன் பேசாமல் போய்விட்டான்.

உடைப் பொறுப்பாளர் பயிற்சியாளரிடம் ஓடப் பார்த்து, பாதியில் நின்றுவிட்டார். உண்மையைச் சொன்னால் இருபது வருட வேலை போய்விடும். தண்ணீர் பாட்டிலோடு கோட்டோரம் ஓடினார்.

"காலைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துடுடா! வெளிய தூக்கிட்டு வந்துடுவாங்க."

சொல் தட்டாத பிள்ளை. விழுந்தான். ஆனால் எதிரணியின் கோல் முன்னால், அவர்கள் ஆள் ஒருவர் காலடியில் போய் விழுந்தான். நடுவர் விசில் ஊதி பெனால்டி கொடுத்துவிட்டார்.

"உன்னைத்தானே தள்ளினாங்க? நீயே அடி" என்றார் கேப்டன்.

மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். எதிரணி கோல்கீப்பர் நிதானமாக வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், பிறகு ஒதுங்கி வழிவிட்டார். பந்து உருண்டபடியே வலைக்குள் போனது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஆட்டமும் முடிந்தது.

பயிற்சியாளர் அங்கேயே காகிதத்தை எடுத்தார். "நாளைக்கு அறிவிக்கப்போற லிஸ்ட்ல முதல் பேரு இருபத்துநாலுதான்."

"சார், அவருக்குக் காய்ச்சல்..." என்று இழுத்தார் உடைப் பொறுப்பாளர்.

"காய்ச்சலோடயே இப்படி ஆடறானா!"

உடைப் பொறுப்பாளர் அறைக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். காலையில் எல்லாம் வெளியே வந்துவிடும். வேலையையும் இழந்து, மனைவிக்கும் பதில் சொல்ல வேண்டும். நினைக்கவே அழுகை வந்தது.

கதவு மெல்லத் திறந்தது. எதிரணியின் உடைப் பொறுப்பாளர் ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஆட்டம் முழுக்க எதிர்ப் பெஞ்சில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தவர்.

"அண்ணே, உங்க மெஷின்ல இந்தக் கீப்பர் சட்டையைக் கொஞ்சம் துவைச்சுக்கட்டுமா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க பஸ் டிரைவர் சட்டையில காபியைக் கொட்டிட்டேனேன்னு அவருக்கு இதைப் போட்டுக்கக் குடுத்தேன், அவரைப் பிடிச்சு கோல்ல நிறுத்திட்டாங்க."