மூன்றாம் மாடி நாய்

அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுத் துணி துவைக்கும் அறையில் டூரே பதினோராவது தடவை தும்மியபோதுதான் கையிலிருந்த தலையணை உறையைக் கவனித்தார். அதில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை முடி. நீளமானது.

"மாட்டிக்கிட்டியா!" என்றார், ஆளில்லாத அறையைப் பார்த்து.

நாய் வளர்க்கத் தடை உள்ள கட்டடம் அது. டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருந்தார்: "உங்க ரத்தம் ஒரு தினுசு, டூரே. நிமோனியாக் கிருமி வந்தா எதிர்ப்புப் பொருளைச் செய்யாம தூங்குது. நாய் முடி வந்தா மட்டும் ஊரைக் கூட்டுது. அந்த அலர்ஜியில மூக்கு அடைச்சு சளி தேங்கினா, கிருமிக்குக் கொண்டாட்டம். இந்தக் குளிருக்கு ஏற்கெனவே ரெண்டு நிமோனியா. நாய் எங்கேன்னு கண்டுபிடிங்க. மூணாவது வந்தா, அந்த எதிர்ப்புப் பொருளை வாரா வாரம் வயித்துல ஊசியா ஏத்த வேண்டியதுதான்."

ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே உட்கார நாற்காலி தேடுகிறவர் டூரே.

நாய் சமாசாரத்தை மனைவி மார்கித்திடம்கூட அவர் சொல்லவில்லை. அவள் காதில் போட்டால் சாயங்காலத்துக்குள் சுண்ட்ஸ்வால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். குற்றவாளி உஷாராகி நாயை ஒளித்துவிடுவான்.

"வெறும் ஜலதோஷம்தான்," என்றார் அவளிடம்.

"ஜலதோஷத்துக்கு நெஞ்சு சூடா இருக்கணும். கழட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" அக்டோபரில் தானே பின்னிக் கொடுத்த மஃப்ளரை அவர் கழுத்தில் இன்னொரு சுற்று சுற்றிவிட்டாள்.

அன்றே துவைக்கும் அறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டினார்: 'நாய் இருப்பது எனக்குத் தெரியும்.' பெயர் போடவில்லை.

மறுநாள் அதன் கீழே பதில் இருந்தது: 'நாய் இல்லை. துணி உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யாத ஆள்தான் இருக்கிறார்.' அதற்கும் கீழே வேறு கையெழுத்தில்: 'ஆமாம், இரண்டாம் மாடி.'

டூரே குடியிருந்தது இரண்டாம் மாடியில்.

"யாரோ ஒரு லூசு, நாய் நாய்னு எழுதி ஒட்டியிருக்கு!" மார்கித் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இவளுக்கு ஏன் இத்தனை சிரிப்பு? டூரேவுக்கு அவள்மேலும் லேசாகச் சந்தேகம் வந்தது.

துவைக்கும் அறையிலேயே நாற்காலி போட்டு மூன்று நாள் காவல் இருந்தார். வருகிறவர்களின் கால்சட்டையையெல்லாம் உற்றுப் பார்த்தார். தரையைப் பெருக்கிவிட்டு உட்கார்ந்தால், ஒருவரும் வராமலே முடி விழுந்து கிடந்தது. எமகாதக நாய்!

நான்காம் நாள் மூச்சு விசிலடித்தது. சளி நெஞ்சில் இறங்கிவிடுமோ என்று உண்மையிலேயே பயந்துபோனார். மஃப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, காற்றோட்டச் சோதனை என்று பொய் சொல்லி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எல்லா வீட்டிலும் தும்மல் வந்தது. அப்படியானால் எல்லோருமே கூட்டுக் களவாணிகள்!

மூன்றாம் மாடியில், கோடையில் கிராமத்திலிருந்து குடிவந்த உல்லா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு படம். கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு வெள்ளை நாய்.

"எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"எதை?"

"அதோ, அதை! என் நுரையீரலைத் தின்னுக்கிட்டிருக்கிற நாயை!"

உல்லாவுக்குக் கோபம் வரவில்லை. கண்தான் கலங்கியது. கையை நீட்டி டூரேயின் மஃப்ளரை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"ராஸ்கி செத்து ரெண்டு வருஷமாச்சு, டூரே. சீவிச் சீவிச் சேர்த்து வெச்சிருந்த முடியை, 'அவருக்கு நெஞ்சு சளி, இதைவிடச் சூடான நூல் கிடையாது'ன்னு உங்க மார்கித்தான் கேட்டு வாங்கிட்டுப் போனா. ராஸ்கி இப்போ உங்க கழுத்துலதான் இருக்கு."