குதிரைச் சித்தரும் ஒரு சஹன் நெய்ச்சோறும்

நெரவி,
செவ்வாய்க்கிழமை

என் தங்கை தாமரைச்செல்வியின் கணவரும், எங்கள் குடும்பத்தில் ஆங்கிலப் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிக்கும் ஒரே மனிதருமான மாப்பிள்ளை தமிழ்ச்செல்வன் அவர்களுக்கு, நெரவி அம்பலவாணன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கல்யாணசுந்தரியும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பெங்களூரில் நீங்களும் தாமரையும் கீர்த்திகாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். தாமரை போனில் அழுததை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பேசும்போது தாமரை சமையலறையிலிருந்து காதை நீட்டுவாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கீர்த்திகா அதை அம்மாவுக்கு ராகத்தோடு படித்துக் காட்டுவாள். குதிரைப் பந்தயத்துக்கு டிப்ஸ் கொடுக்கும் அந்தக் ‘குதிரைச் சித்தர்’ சேவைக்குப் பணம் கட்டலாமா, உருப்படியான ஆசாமிதானா என்று விசாரித்துச் சொல்லும்படி என்னிடம் ரகசியமாகக் கேட்டீர்கள். அதே வாரம் தாமரையும் ரகசியமாகக் கூப்பிட்டாள். “அண்ணே, வரிச்சிக்குடி வீட்டுக்குக் கூரை போட வச்சிருக்கற பணத்த இவரு குதிர மேல ஏத்தப் பாக்குறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க,” என்றாள். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே இந்தப் பத்தியைப் படித்ததும் மறந்துவிடவும்.

வரிச்சிக்குடிக்குப் போய் வீட்டையும் பார்த்து வந்தேன். சுவர்கள் கம்பீரமாக நிற்கின்றன. மேலே வானம் தெரிகிறது. பக்கத்து வயல்காரரின் ஆடுகள் ஹாலில் படுத்து அசைபோடுகின்றன. ஒன்று பூஜை அறையைப் பிரசவ அறையாக்கிக் குட்டி போட்டிருக்கிறது. நான் உள்ளே நுழைந்தபோது, முன்பின் சொல்லாமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது. உங்கள் விருப்ப ஓய்வுப் பணத்தில் மிச்சமிருப்பது அந்தக் கூரைக்கு மட்டும்தான் காணும். அதைச் சித்தரின் வாழ்நாள் உறுப்பினர் திட்டத்திலும், அவர் கைகாட்டும் குதிரைகளிலும் போட்டு, கூரைக்குப் பதில் மாடியே கட்டிவிடலாம் என்பது உங்கள் எண்ணம். கவலையை விடுங்கள். நான் விசாரணையை முடித்துவிட்டேன், முடிவும் தெளிவாக இருக்கிறது.

எனக்கு இதில் என்ன தகுதி என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஆனால் உங்கள் அண்ணன் கேட்பார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வீட்டுவரிப் பிரிவில் உட்கார்ந்து, மாடி வீட்டுக்காரர் ‘மாடியா, எங்க சார் இருக்கு?’ என்று கேட்கும்போது அவர் முகத்தைப் பார்த்தே படிக்கட்டு எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடியவன் நான். குதிரை அனுபவமும் உண்டு. காரைக்கால் கடற்கரையில் சவாரி விடுகிறார்களே, அதில் ஒரு தடவை ஏறினேன். அந்தக் குதிரை என் எடையை உணர்ந்ததும் இன்றைய வேலை முடிந்தது என்று தானாகவே முடிவுசெய்து, என்னையும் சுமந்துகொண்டு, லைட் ஹவுசைத் தாண்டி, ஒரு சந்தில் புகுந்து, தன் எஜமானர் வீட்டு வாசலில் போய் நின்றது. உள்ளேயிருந்து வந்த அம்மாள், “எறங்குங்க, அதுக்குக் கொள்ளு வைக்கணும்,” என்றார். குதிரை யார் சொல்வதையும் கேட்காது என்பது அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. சித்தர் சொல்வதை மட்டும் எப்படிக் கேட்கிறது என்பதுதான் என் விசாரணை.

முதலில் இலவச வாரத்தில் சேர்ந்தேன். பந்தயம் தொடங்கச் சற்று முன்பு ஒரு செய்தி வரும், குதிரையின் நம்பரோடு. கீழே, ‘இது உங்களுக்கு மட்டும். பிறரிடம் சொன்னால் யோகம் கலையும்’ என்று ஒரு வரி, பக்கத்தில் கைகூப்பிய பொம்மை. நான் நிஜப் பணம் வைக்கவில்லை, மனசுக்குள் வைத்தேன். முதல் குதிரை ஜெயித்தது. இரண்டாவதும் ஜெயித்தது. மூன்றாவதும் ஜெயித்தபோது மனசுக்குள் ஒரு கார் வாங்கி, அதை எங்கே நிறுத்துவது என்று தெருவில் நின்று இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணசுந்தரி வந்து, “என்னங்க, சாக்கட எடுக்க ஆள் வருதா?” என்று கேட்டாள்.

விசாரணை என்றால் ஒப்பிட ஒன்று வேண்டுமல்லவா, அதனால் அவளையும் குதிரை சொல்லச் சொன்னேன். அவள் முறை வேறு. பெயரைப் பார்ப்பாள். ‘சைலண்ட் குயின்’ என்று ஒன்று ஓடியது. “சத்தமே போடாத ராணியா, அப்படி ஒருத்தி இருக்காளான்னு பாத்துருவோம்,” என்று அதைச் சொன்னாள், அது ஜெயித்தது. அடுத்த நாள் ‘தண்டர் கிங்’ வேண்டாம் என்றாள். “இடி இடிக்கிறதெல்லாம் மழையா பெய்யுது?” என்று என்னைப் பார்த்தபடி கேட்டாள். அது கடைசியில் வந்தது. சித்தருக்கும் கல்யாணசுந்தரிக்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை, மாப்பிள்ளை. அவள் கட்டணம் கேட்பதில்லை, சாம்பாரும் வைக்கிறாள். அதோடு, சித்தர் சொல்லி ஜெயித்தவை எல்லாம் பந்தயத் திடலில் பட்டாணி விற்பவர்கூட சொல்லக்கூடிய குதிரைகள். எல்லாரும் பணம் கட்டும் குதிரை ஜெயித்தால் கைக்கு வருவது ஒரு டீயும் அரை வடையும்.

இருந்தாலும் மூன்று குதிரை மூன்று குதிரைதானே. இலவச வாரம் முடிந்ததும் ஒரு மாதத்துக்குப் பணம் கட்டினேன். விசாரணைச் செலவு என்று வையுங்கள். கல்யாணசுந்தரி அதை கேஸ் சிலிண்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கட்டும் முன் அவர்கள் நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“சித்தர்கிட்ட பேசணும்மா.”

“சித்தர் தவத்துல இருக்காங்க சார்.”

“எங்க?”

“ஓசூர்ல சார்.”

“இதுவரைக்கும் சொன்னதுல எத்தன ஜெயிச்சது, எத்தன தோத்ததுன்னு ஒரு வெவரம் கெடைக்குமா?”

“தோத்தது எதுவும் எங்ககிட்ட இல்ல சார்.”

“எப்பிடி இல்லாமப் போகும்?”

“அந்த மெசேஜ அழிச்சிடுவோம் சார்.”

எவ்வளவு நேர்மையான பெண் பாருங்கள். அந்தக் குரலுக்காகவே பணம் கட்டினேன் என்றும் சொல்லலாம், ஆனால் இதைக் கல்யாணசுந்தரி படிக்க வாய்ப்பிருப்பதால் சொல்லவில்லை.

இனி நடந்ததுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை அப்துல் லத்தீப் வீட்டில் அவர் மகள் ஹஃப்ஸாவுக்குக் கல்யாணம். இங்கே அவர்கள் வீட்டு விருந்து உங்களுக்குத் தெரியும். சஹன் என்று ஒரு பெரிய தட்டில் நாலு பேருக்கான நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்துக் கொண்டுவருவார்கள்; நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். என் சஹனில் உங்கள் வீட்டுக்குச் சிமெண்ட் கொடுத்த கபீர், துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் தாரிக், ஊருக்கே அண்ணன் முறையான ஜவுளிக்கடை சஃபியுல்லா நானா, அப்புறம் நான். தரையில் சம்மணம் போட்டதில் என் முட்டி ஒரு சத்தம் போட்டது, தாரிக் அப்பளம் என்று நினைத்தான். நாலு வலது கையும் சோற்றுக்குள் இருந்த நேரம், நாலு சட்டைப் பையும் ஒன்றாகக் கிர்ரென்று அதிர்ந்தன.

“யாரு அம்பலம்?” என்றார் கபீர், தன் பையைப் பார்க்காமல்.

“ஆபீசு.”

“ஞாயித்துக்கெழமையில வீட்டுவரியா?”

“ஒங்களுக்கு?”

“சிமெண்ட் லோடு வருது.”

“எனக்குக் கம்பெனிலேருந்து,” என்றான் தாரிக், யாரும் கேட்காமலே.

சஃபியுல்லா நானாவுக்குப் பொய் சொல்லும் பழக்கம் இல்லை, ஜவுளி விலையைத் தவிர. இடது கையால் போனை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு தாரிக்கிடம் நீட்டினார். “தம்பி, கண்ணாடி கொண்டாரல. இதுல என்ன நம்பர் போட்டிருக்குன்னு காதோட சொல்லுங்க. வேற யாருக்கும் தெரிய வேணாம், யோகம் கலைஞ்சிடுமாம்.”

தாரிக் மெல்லுவதை நிறுத்தினான். “நானா, இது சித்தரு.”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

பிறகு மறைத்து என்ன பயன்? நாலு போனும் விரிப்பின் மேல் வந்தன. ஒரே செய்தி, ஒரே கைகூப்பிய பொம்மை, ‘இது உங்களுக்கு மட்டும்’. நம்பர் மட்டும் வேறு வேறு. எனக்கு இரண்டு, கபீருக்கு ஐந்து, தாரிக்குக்கு ஏழு, நானாவுக்கு எட்டு. பக்கத்து வீட்டில் இன்று என்ன மீன் வாங்கினார்கள் என்பதை மீன் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் ஊரில், ஒரே தட்டில் கை வைக்கும் நாலு பேர், கண்பட்டுவிடும் என்று பயந்து ஒருவருக்கொருவர் இதை மறைத்திருக்கிறோம். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மற்ற மூவரும் பாவம், அவர்களை ஏமாற்றிவிட்டான், எனக்கு வந்ததுதான் அசல் என்று நாலு பேருமே நினைத்தோம்.

“ஒங்களுதெல்லாம் சின்ன பிளானா இருக்கும்,” என்று கபீர் ஆறுதல் சொன்னார்.

தாரிக் தண்ணீர்ச் சொம்பில் தன் போனைச் சாய்த்து வைத்தான். பெங்களூரில் எட்டுக் குதிரைகள் கிளம்பின. நடுவில் இருந்த கறியை யாரும் தொடவில்லை. தாளிச்சாக் குழம்பு கொண்டுவந்த பையன், “ஏங்க, கறி வேகலையா?” என்று கேட்டுவிட்டு எங்கள் பின்னாலேயே குனிந்து நின்று பார்த்தான். எட்டாம் நம்பர் ஜெயித்தது. சஃபியுல்லா நானா நிதானமாகக் கையை நீட்டி, பெரிய கறித்துண்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். “சித்தரு எனக்குத்தான் சொன்னாரு,” என்றார்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. மாப்பிள்ளை, அவன் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று சொல்வதே இல்லை. ஆளுக்கொரு குதிரையாக ஊர் முழுக்கத் தூவிவிடுகிறான். எவனுக்குச் சொன்னது ஜெயிக்கிறதோ அவனை வைத்துக்கொள்கிறான், மற்றவர்களைக் கழற்றிவிடுகிறான். மூன்று தடவை சலித்த பிறகு சல்லடையில் மிஞ்சும் ஆள் தன்னை ராசிக்காரன் என்று நினைத்துக்கொண்டு பணம் கட்டுகிறான். அந்த ராசிக்காரன் நான். மறுநாள் ஆபீசில் இதைச் சொன்னேன். என் எதிர் மேஜை கலைவாணன் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கு மொத குதுரையே தோத்துருச்சி சார். அதோட நம்பர பிளாக் பண்ணிட்டாங்க. எனக்குத்தான் ராசி இல்லன்னு வெளிய சொல்லல,” என்றார். சித்தர் கிரகமெல்லாம் கணித்தாராம்; காரைக்காலில் நாலு பேரை ஒரே தட்டில் உட்கார வைப்பார்கள் என்பதைக் கணிக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: ஒரு பைசா கட்டாதீர்கள். தோற்றதை மறைப்பவனிடமும், எனக்கு மட்டும் என்று ரகசியம் பேசுபவனிடமும் கூரைப் பணத்தைக் காட்டவே கூடாது. குதிரை பார்க்க ஆசையாக இருந்தால் தாமரையையும் கீர்த்திகாவையும் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போய், கடலை வாங்கிக் கொறித்துவிட்டு வாருங்கள். இந்த மாதமே ஊருக்கு வந்து காங்கிரீட் போடுங்கள். கம்பி கட்டும் ஆளிடம் நான் பேசிவிட்டேன். ஆடுகளுக்கும் சொல்லிவிடுகிறேன். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

தாமரைக்கு என் ஆசி. கீர்த்திகா நன்றாகப் படித்து, கணக்குத் தெரிந்த பெண்ணாக வரட்டும். நம் வீட்டில் ஒருவருக்காவது அது வேண்டும். உங்களுக்கு நீண்ட ஆயுளும், தலைக்கு மேல் ஒழுகாத கூரையும் அமைய வாழ்த்தும்,

தங்கள் அன்புள்ள,
அம்பலவாணன்

பி.கு. (தனித் தாளில்): உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கபீர் வந்தார். காலையில் இருந்தே அவருக்கு ஒரு யோசனையாம். “அம்பலம், சஹன்ல நாலு பேரு இருந்தோம், ஒருத்தருக்கு அடிச்சிது. எட்டுக் குதிர ஓடுதுன்னா எட்டு பேரு உக்காந்தா? எது ஜெயிச்சாலும் நம்ம குதிரதானே?” என்றார். அவர் டீ குடித்து முடிக்கும் வரை இதில் எங்கே தப்பு என்று தேடினேன், மாப்பிள்ளை, கிடைக்கவில்லை. மேலே எழுதியதெல்லாம் தனி ஆளாகக் கட்டுபவர்களுக்கு. கூட்டாகச் சேர்ந்தால் சித்தர் நம்மை ஒன்றும் செய்ய முடியாது. கலைவாணனை வேறு நம்பரில் சேர்த்துவிட்டோம். தாளிச்சா கொண்டுவந்த பையனும், மணமகளின் தகப்பனார் அப்துல் லத்தீப்பும் சேர்ந்துவிட்டார்கள். ஏழு பேர் ஆயிற்று. எட்டாவது இடத்தை உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். திடலுக்குப் பக்கத்தில் இருப்பவரும் நீங்கள்தான், எட்டுக் குதிரைக்கும் பணம் கட்ட ஒரு கை வேண்டும். வாழ்நாள் திட்டத்திலேயே சேர்ந்துவிடுங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள். ஐப்பசி வரை மழை இல்லை, காங்கிரீட்டுக்கு அவசரமும் இல்லை என்று சிமெண்ட் விற்கும் கபீரே சொல்கிறார். தாமரை கேட்டால் மேலே இருக்கும் கடிதத்தை முழுவதும் படிக்கக் கொடுங்கள். இந்தத் தாளை மட்டும் கிழித்துவிடுங்கள்.