அப்பால சார் தேர்ந்தெடுத்த பொட்டி

எந்த வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைக்க விடாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் அப்பால சார்தான். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று நீங்கள் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சரி, அப்பால?" என்பார். மேற்கே மறைகிறது என்றால் அதற்கும் ஓர் அப்பால. ராத்திரி முழுக்க அது எங்கே போய்விட்டு வருகிறது என்று விளக்கி முடித்தாலும் விடமாட்டார்.

நாமெல்லாம் 'அப்புறம்' என்கிறோமே, அதைத்தான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த அவர் அப்பால என்பார். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவருடைய மனைவி ஃபிலோ அக்கா சொன்ன கதை இது. மாதா கோயிலில் கல்யாணம். சாமியார் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மாப்பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். "இன்பத்திலும் துன்பத்திலும்" என்று சாமியார் நிறுத்தினார். மாப்பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லாமல், "அப்பால சாமி?" என்று கேட்டாராம். "அன்னிக்கே எழுந்து ஓடியிருக்கணும் தம்பி. பட்டுப்பொடவை தடுக்குச்சு" என்பார் அக்கா.

எங்கள் கம்பெனி திருவொற்றியூரில் ஒரு சின்ன கம்பெனி. புகை, தண்ணீர், வாயு ஆகியவற்றை அளக்கும் சென்சார்களைத் தொழிற்சாலைகளில் பொருத்திக் கொடுப்போம். அவர் தலைமை இன்ஜினியர், நான் பர்ச்சேஸ் பிரிவு. அவர் "இது வேணும்" என்று சொன்னால் ஆர்டர் போடுவது என் வேலை. அவர் "இது வேணும்" என்று சொன்னதே கிடையாது என்பதுதான் என் கஷ்டம்.

அப்படிப்பட்டவரிடம் வந்து சேர்ந்தது கால்வாய் வேலை. புழல் ஏரியைத் திறந்தால் உபரிநீர் வருகிற கால்வாயில், பாலத்துக்கு அடியில் ஒரு சென்சார் வைத்து நீர்மட்டத்தை அளக்க வேண்டும். அந்த அளவைக் குறித்து வைத்து, ஆள் இல்லாத இடத்திலிருந்து கரையோரத் தெருக்காரர்களின் செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்ப ஒரு கருவி வேண்டும். டேட்டா லாகர் என்று பெயர். நாங்கள் பொட்டி என்போம். சந்தையில் பத்துப் பதினைந்து கம்பெனிப் பொட்டிகள் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கரையோரத் தெருக்களில் முதல் தெரு என் தெரு. அதில் கீழ்வீடு என் வீடு. உள்ளே கட்டிலில் என் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஒரு சொல், இரண்டு சொல்லோடு சரி. முந்தைய வெள்ளத்தில் தண்ணீர் கட்டிலைத் தொட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். நாற்காலியின் கால் முறிந்து அவர் ஒரு தடவை உள்ளே முங்கி எழுந்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. தண்ணீர் வருவதற்கு முன்னால் நாலு பேர் கிடைத்தால் போதும், மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் பாயின் வீட்டுக்குச் சிரமமில்லாமல் ஏற்றிவிடலாம். எனக்கு வேண்டியது அந்தக் கொஞ்ச நேரம். அதனால் மழைக்காலத்துக்குள் ஏதாவது ஒரு பொட்டியை வாங்கி மாட்டித் தொலைக்க வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். அவர் அப்பால கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பொட்டிக்காரர் கழுத்தில் டையோடு வந்தார். பாவம், நல்ல பையன்.

"கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கு சார்."

"அப்பால?"

"பேட்டரி இறங்கினா சோலார்ல சார்ஜ் ஆயிடும்."

"ஐப்பசி கார்த்திகைல இங்க சூரியன் எங்க கீது? அப்பால?"

"ஸ்லீப் மோடு இருக்கு சார். வேலை இல்லாதப்ப தூங்கும். பேட்டரி ரொம்ப நாள் தாங்கும்."

"ஷோக்கா கீது. வெள்ளம் வர்றப்போ டவரு படுத்துக்குமே, அப்பால?"

"பயமே வேண்டாம் சார். எல்லாத்தையும் மெமரில வெச்சிருந்து, டவர் வந்ததும் மொத்தமா அனுப்பிடும்."

அப்பால சார் அவரைப் பரிவோடு பார்த்தார். "அதாவது நைனா, வெள்ளம் வடிஞ்ச அப்பால, வெள்ளம் வர்துன்னு சொல்லும். கரீட்டா?"

டைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

பேச்சில் முடியாததைப் பரீட்சையில் முடிப்பதாகச் சொல்லி, மூன்று கம்பெனிகளிடம் மாதிரிப் பொட்டி வாங்கினார். பரீட்சைக்கூடம் எது தெரியுமா? காசிமேட்டுப் பக்கம் இருந்த அவர் வீட்டு மொட்டை மாடி. உப்புக்காற்று நன்றாக அடிக்கும் இடம் என்று கொடிக்கம்பியில் மூன்றையும் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். அதே கம்பியில் பக்கத்திலேயே ஃபிலோ அக்காவின் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

டைக்காரர் கொடுத்த பொட்டியின் திருகாணிகள் ஒரே மாதத்தில் துருப்பிடித்து, தொட்டால் உதிர்ந்தன. அதைத் திருப்பி அனுப்பினோம். மறுநாள் டைக்காரர் எனக்குப் போன் செய்தார். "சார், பார்சலைப் பிரிச்சோம். ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து வெளிய போயிட்டாங்க. இது எந்த மாதிரி டெஸ்ட் சார்?" வஞ்சிரம் என்று சொன்னேன்.

இரண்டாவது பொட்டியின் விளம்பரத்தில் தண்ணீர் புகாது என்று போட்டிருந்தது. இவர் அதை வீட்டுத் தண்ணீர் டிரம்மில் முக்கி, மேலே அம்மிக்கல்லை வைத்துவிட்டார். அக்கா குளிக்கப் போனபோது டிரம்முக்குள் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்ததாம். அன்றைக்கு அந்தத் தெருவே கேட்கிற மாதிரி அவருக்குக் கிடைத்ததை எழுத முடியாது. வெள்ளத்தை அளக்க வந்த பொட்டி டிரம்மிலேயே உயிரை விட்டது.

மூன்றாவது பொட்டி மட்டும் எல்லாவற்றையும் தாங்கியது. காகம் கொத்தியது, பூனை அதன்மேல் ஏறிப் படுத்தது, அம்மிக்கல் உட்கார்ந்தது. அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. இனி ஆர்டர்தான் என்று நான் பேனாவைத் திறந்தேன்.

"இரு நைனா" என்றார் அப்பால சார். "டவரும் கீதுன்னு வெச்சிக்க. மெசேஜ் வந்துச்சு. அப்பால?"

"படிப்பாங்க சார்."

"ஞாயித்துக்கெழம மத்தியானம் கறிசோறு துண்ணுட்டு மல்லாந்து கெடக்குறவன் எப்டி படிப்பான்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், வானம் இருட்டிகினு வருது. எங்க அப்பா கீழ்வூட்ல படுத்துகினு கீறாரு. நீங்க அப்பால அப்பாலன்னு கேட்டுகினு இருந்தா, அவரு தண்ணியில மெதப்பாரு" என்று கத்திவிட்டேன். அலுவலகத்தில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அவர் கோபப்படவில்லை. "தெரியும். அவரை நெனச்சிகினுதான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரும்போது கையில் ஒரு விசைப்படகு ஹாரன் இருந்தது. பொட்டியின் அடியில் இன்னொரு ஒயர் மாட்ட இடம் இருந்ததை அவர் பார்த்து வைத்திருந்தார். தண்ணீர் குறியைத் தாண்டினால் பொட்டியே ஹாரனை அடிக்கும். டவர் வேண்டாம், செல்போன் வேண்டாம். நடுக்கடலில் அடித்தால் கரைக்குக் கேட்கிற ஹாரன். நான் ஆர்டர் போட்டேன். பொட்டி வந்ததும் ஹாரனை எங்கள் தெருமுனைப் பாலத்துக் கம்பத்தில், எங்கள் வீடுகளைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். நான் ஆர்டர் போட்டேன். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஹாரன் வேலை செய்கிறதா என்று பார்க்க நினைத்தபோதெல்லாம் வந்துவிடுவார். விடியற்காலையில் அடித்தார், பால்காரர் சைக்கிளோடு சாய்ந்தார். மத்தியானம் அடித்தார், எதிர்வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். தெருவில் வசவெல்லாம் எனக்கு. "உங்க ஆபீஸ் பேஜாரு வந்துட்ச்சு பாரு" என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார்கள். போய்க் கேட்டால், "நேத்து அடிச்சுது. இன்னிக்கு அடிக்கும்னு இன்னா கேரண்டி?" என்பார். பிறகு தெரு பழகிவிட்டது. ஹாரன் அடித்தால் நாய்கூடக் குரைப்பதில்லை. "அப்பால சார் டெஸ்டு" என்று சொல்லி, குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டே விளையாடினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டு நாளாக விடாத மழை. காலையிலேயே கரண்ட் இல்லை, செல்போனில் டவர் இல்லை. மத்தியானம் நான் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது ஹாரன் அடித்தது. நீளமாக, நிறுத்தாமல் அடித்தது.

"ஞாயித்துக்கெழம கூடவா இந்த ஆளு?" என்றேன். பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். மாடியிலிருந்து வீட்டுக்காரர் பாய், "உங்க தோஸ்துக்கு மழையில கூட லீவு கெடையாதா?" என்று குரல் கொடுத்தார். தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

என் கதவு மட்டும் இடிபட்டது. திறந்தேன். அப்பால சார் நின்றார். தொப்பலாக நனைந்து, ஒரு கால் செருப்பைக் காணோம்.

"சார், மழையில போயி டெஸ்டா?"

"டெஸ்ட் இல்ல நைனா. பொட்டி தானா அடிக்குது. எலும்ப கீழ போடு, அப்பாவைத் தூக்கு" என்றார்.

காலையில் ரேடியோவில், புழலில் இன்னும் அதிகமாகத் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். ரயில் இல்லை. ஒரு மீன் வண்டியில் தொற்றித் திருவொற்றியூர் வரை வந்து, மிச்சத்தை நடந்தே வந்திருக்கிறார்.

"அதான் ஹாரன் இருக்கே சார், நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஹாரன் அடிக்கும், அப்பால?ன்னு வூட்ல குந்திகினு ரோசிச்சேன்" என்றார், மூச்சு வாங்கியபடி. "இத்தினி தபா அடிச்சு அடிச்சு நானே உங்கள கெடுத்து வெச்சிகீறேன். நெசமா அடிச்சா எவன் எய்ந்திருப்பான்? அதான் வந்தேன்."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. வீடு வீடாக ஓடிக் கதவை இடித்தார். அந்தக் குரலுக்கு ஹாரன் தோற்றது. பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். எதிர்வீட்டுக்காரர் வந்தார். நாற்காலி வேண்டாம் என்று அப்பாவைப் போர்வையோடு சேர்த்து, ஆளுக்கொரு முனையாக நாங்கள் நாலு பேர் பிடித்தோம். நாலாவது முனை அப்பால சார் கையில். அந்தக் குறுகலான மாடிப்படியில், "லெப்டு, லெப்டு, தலய பாத்து" என்று அவர்தான் கத்திக்கொண்டே வந்தார். அப்பா உடம்பு நனையாமல் பாய் வீட்டுக் கூடத்தில் படுத்தார். நான் கீழே வந்து பார்த்தபோது, வாசற்படி வழியாகத் தண்ணீர் மெதுவாக உள்ளே வந்து கட்டில் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மேலே போனால், அப்பால சார் படியில் உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அப்பா ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோணிய வாயால், ரொம்பச் சிரமப்பட்டு ஒரு சொல் சொன்னார்.

"அப்பால?"

தன் கேள்வியைத் தன்னிடமே யாரும் கேட்டு அவர் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈரத்துணியால் துடைத்ததில் அது இன்னும் மங்கியது. "அப்பால இன்னா நைனா, டீதான்" என்றார்.

இரண்டு நாள் கழித்து டவர் வந்தது. நான் வீட்டில் சேறு வழித்துக்கொண்டிருந்தபோது செல்போன் வரிசையாக அலறியது. 'எச்சரிக்கை, நீர்மட்டம் உயர்கிறது' என்று மொத்தமாகப் பதினெட்டோ இருபதோ மெசேஜ். டைக்காரர் சொன்னதும் உண்மைதான், இவர் சொன்னதும் உண்மைதான்.

அவர் இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். ஃபிலோ அக்காவின் பாடுதான் திண்டாட்டம். ஆனாலும் எங்கள் தெருவில் மழை பிடித்தால் தவறாமல் எனக்குப் போன் வரும். பொட்டி இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா, பாய் ஊரில் இருக்கிறாரா, அப்பால, அப்பால என்று உயிரை எடுப்பார். எரிச்சலோடுதான் பதில் சொல்வேன்.

போன வாரம் காலையிலிருந்து நல்ல மழை. மத்தியானமாகியும் அவர் போன் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து கையைக் கழுவிவிட்டு நானே கூப்பிட்டேன்.

"இன்னா நைனா?"

"ஒண்ணும் இல்ல சார். இங்க மழை."

"பெய்யட்டும். அப்பால?" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.