கன்னையா வீட்டு எல்லைச் சீரமைப்பு

மனித குலத்தின் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சிகள் இரண்டு. ஒன்று, நெருப்பைக் கண்டுபிடித்தது. இன்னொன்று, எங்கள் ஊர் கன்னையா தம் வீட்டை ஒழுங்குபடுத்தியது. முதலாவது நடந்தபோது நான் இல்லை; ஆகவே அதைப்பற்றி உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. இரண்டாவதை எதிர்வீட்டிலிருந்து முழுதாகப் பார்த்தேன்.

அந்த வருஷம் சித்தூர் ஜில்லாவில் எல்லாமே ஒழுங்குபட்டுக்கொண்டிருந்தது. ஆந்திராவுக்கும் சென்னைக்கும் நடுவே வருஷக்கணக்காக இழுபட்ட எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்கு என்றும், நகரிப் பக்கம் ஆந்திராவுக்கு என்றும் ஏற்பாடாயிற்று. ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அந்தத் தேதியைப் பார்த்தும் யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு பொறுப்பான ஜில்லா எங்களுடையது. எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு கால்வாய். இந்தக் கரையில் கன்னையா வீடு, ஆந்திரா. அந்தக் கரையில் அவர் தம்பி கோவர்த்தனன் வீடு, சென்னை. அண்ணன் வீட்டுக் கோழி மேய்ச்சலுக்காக நாள்தோறும் ராஜ்யம் விட்டு ராஜ்யம் போய் வந்துகொண்டிருந்தது.

எல்லைத் தீர்ப்பில் கன்னையாவுக்கும் பங்கு உண்டு. அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தவர்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்குப் பின்னால் அவர் நின்றார். அங்கே நின்றபோது மூன்று தத்துவங்கள் அவர் காதில் விழுந்தன: கிராமமே அலகு, பெரும்பான்மை எதுவோ அதுவே முடிவு, நிலம் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு மாகாணத்தையே பிரித்துக் கொடுத்த தத்துவங்கள் ஒரு சமையலறையைப் பிரிக்காதா என்ற கேள்வி அன்றே அவர் மனத்தில் முளைத்துவிட்டது.

அதற்கு உரம் போட்டது பட்டணத்துப் பொருட்காட்சி. அங்கே ‘நவீன இல்லம்’ என்று ஒரு கூடத்தை அலங்காரம் செய்து வைத்திருந்தார்களாம். கன்னையா அதை ஒரு பகல் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாகரிகத்தின் சாரத்தைக் கையோடு கொண்டுவந்தார்.

“வீட்ல எந்தப் பொருளும் அந்தப் பொருளா தெரியக்கூடாதுங்க” என்றார் என்னிடம். “பெட்டின்னா பெட்டியா தெரியக்கூடாது. கட்டில்னா கட்டிலா தெரியக்கூடாது. அதான் ஸ்டைலு.”

“மனுஷன்?”

“அத்த பத்தி அங்க ஒண்ணும் போடலிங்க.”

இந்த நேரம் பார்த்துத்தான் ‘வட்டார இல்ல ஒழுங்கு வளர்ச்சிச் சங்கம்’ ஒரு போட்டியை அறிவித்தது. சிறந்த மாதிரி இல்லத்துக்குச் சுவர்க் கடிகாரம் பரிசு. நிபந்தனைகள் இரண்டே. வீட்டில் அநாவசியப் பொருள் எதுவும் இருக்கக்கூடாது. வீட்டிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் இடம் இருக்க வேண்டும்.

“பஹுமதி நம்பளுக்குத்தான்” என்றார் கன்னையா. பரிசு, விருது போன்ற உயர்ந்த விஷயங்கள் அவர் வாயில் தெலுங்கில்தான் வரும்.

சீரமைப்பு சமையலறையில் தொடங்கியது. சாமான்கள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டன. வெள்ளைப் பிரிவில் உப்பு, சர்க்கரை, சுண்ணாம்பு, பல்பொடி. கடுகு மட்டும் கறுப்புப் பிரிவில் ஒரே ஆளாக இருந்ததால் சிறுபான்மை என்று தீர்மானித்து, கூடத்துக்கு மாற்றினார். ஆனால் கூடத்துக்கும் கடுகுக்கும் நிலத் தொடர்ச்சி இல்லை என்று மறுநாள் அவரே கண்டுபிடித்து, நடுவழியில் நடையில் வைத்தார்.

அவர் மனைவி வெங்கடம்மாவுக்கு இந்த நிர்வாகம் பழகச் சற்று நாளாயிற்று.

“இன்னாய்யா, மொளகாத்தூளு எங்க?”

“செகப்பு செக்ஷன்ல பாரு.”

“செகப்பு செக்ஷன்ல ரெண்டு டப்பா கீதே!”

“ரெண்டும் செகப்புதானடி? எத்தயாவது எடு!”

எடுத்தாள். அன்றைக்குக் குழம்பு மிகவும் மங்களகரமாக இருந்தது. குங்குமம் அவ்வளவு உயர்ந்த ரகம்.

குங்குமக் குழம்புக்குப் பிறகு சமையல் பழையபடி கிருஷ்ணம்மாவின் கைக்கே போய்ச் சேர்ந்தது. கிருஷ்ணம்மா கன்னையாவுக்கும் கோவர்த்தனனுக்கும் மூத்த அக்கா. கணவன் இறந்ததும், ஒரு தகரப் பெட்டி, ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பித்தளைக் குடம் ஆகியவற்றோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள். அன்று முதல் கறவை, சமையல், கழனிக்குச் சோறு கொண்டுபோவது எல்லாம் அவள்தான். டப்பாவைத் திறக்காமலே மிளகாய்த்தூளை அடையாளம் காணக்கூடிய பிற்போக்கானவள்.

நவீன இல்லத்துக்குத் தேவையான நாற்காலி மேசைகள் கன்னையாவிடம் இல்லை. அதனால் அவருடைய கலையுள்ளம் அக்காவின் மூன்று சொத்துகள்மேல் இறங்கியது. காளஹஸ்தியிலிருந்து கலம்காரித் துணி வாங்கி வந்தார். கட்டிலின்மேல் ஒன்றை விரித்தார். அது ‘திவான்’ ஆயிற்று. பெட்டியின்மேல் ஒன்றைப் போர்த்தினார். அது ‘டீப்பாய்’ ஆயிற்று. குடத்தில் காகிதப் பூக்களைச் செருகி டீப்பாய்மேல் வைத்தார். அது ‘ஜாடி’ ஆயிற்று. அக்கா தன் புடவையை மாட்டும் ஆணிக்குத் ‘தொப்பி மாட்டி’ என்று பெயர் சூட்டினார். எங்கள் வட்டாரத்தில் தொப்பி வைத்தவர் போலீஸ்காரர் ஒருவர்தான். அவர் வந்தால் யாரும் வீட்டில் இருப்பதில்லை.

“அக்கா, இனிமே பகல்ல அந்தக் கட்டில்ல குந்தாத.”

“கட்டில்ல குந்தாம பின்ன எதுலடா குந்தறது?”

“அது கட்டில் இல்ல. திவானு.”

“ராத்திரிக்கு?”

“ராத்திரிக்குக் கட்டில்தான்.”

“பொழுது சாஞ்சா அதுக்கு புத்தி வந்துடுமா?”

கன்னையா விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார். மேலான கருத்துகள் முதலில் கேலி செய்யப்படும் என்பது அவருக்குத் தெரியும்.

“சரி, மாத்துப் பொடவ எடுக்கணும். பூவ எடு.”

“இன்னிக்கு எடுக்காத அக்கா. டீப்பாய் கலைஞ்சிடும். வாரத்துக்கு ஒரு தபா தொறந்துக்கலாம்.”

“டேய், அது எம் பெட்டிடா!”

“பெட்டி உன்துதான். டீப்பாய் வீட்டுது.”

எவ்வளவு நுட்பமான சட்டப் பார்வை, பாருங்கள்.

ஆனால் இரண்டாவது நிபந்தனை இடித்தது. ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் இடம். கன்னையாவுக்கு ஜன்னல் மூலை. வெங்கடம்மாவுக்குக் கண்ணாடி மூலை. அக்காவுக்கு? அவள் இடம் திவானாகிவிட்டது; அவள் பெட்டி டீப்பாயாகிவிட்டது. இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஸ்டைல் போகும். அக்காவை வைத்துக்கொண்டால் கடிகாரம் போகும். கன்னையா ஓரிரவு யோசித்து, அகில இந்திய அளவிலான முடிவுக்கு வந்தார்: அக்காவைச் சென்னை ராஜ்யத்துக்கு மாற்றிவிடுவது.

“கோவர்த்தனன் உன் கூடப்பொறந்தவன்தான? அங்கயே போய் இரு அக்கா. போட்டிக்கு வர்றவங்க போனதும் பாத்துக்கலாம்.”

மாற்றுப் புடவைகூட இல்லாமல் அவள் கால்வாயைத் தாண்டினாள். கோவர்த்தனன் சும்மா இருப்பவரா? அவரும் ஒரு தத்துவவாதி. மறுநாள் காலையே அக்காவைக் கரைவரை கூட்டிவந்து விட்டார்.

“அண்ணன் வீட்ல இருந்தவ நீ. அதனால நீ ஆந்திரா ஆளு. இங்க வெச்சிக்கினா நாளைக்கு ரூல்ஸ் பேசுவாங்க. எம் பொண்டாட்டியும் ஒரு மாதிரி, அக்கா.”

நான் கழனிக்குப் போகும்போது கிருஷ்ணம்மா கால்வாயின் நடுவே ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். கால்வாயில் தண்ணீர் இல்லை.

“இன்னாம்மா, இங்க குந்திக்கினு கீறீங்க?” என்றேன்.

“இந்தத் தம்பி அந்தப் பக்கம்ன்றான். அந்தத் தம்பி இந்தப் பக்கம்ன்றான். நடுவுல இதான் கீது. தண்ணி வர வரிக்கும் குந்தலாம்.”

“அப்புறம்?”

“அத்தத்தான் யோசன பண்ணிக்கினு கீறேன்” என்றவள், எழுந்து சேலையை உதறிக்கொண்டு பஸ் போகும் சாலைப் பக்கம் நடந்தாள்.

பார்வையிடும் நாள் வந்தது. திருப்பதியிலிருந்து சங்கத் தலைவர் தேசிகனும் அவர் மனைவி பூமாவும் வந்து இறங்கினார்கள். தேசிகன் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் மார்க் போடாமல் அவரால் இருக்க முடியாது. கன்னையா இருவரையும் திவானில் உட்கார வைத்தார். எதிர்வீட்டுப் பிரமுகர் என்ற முறையில் நான் கதவருகே நின்றேன்.

“பேஷ், பேஷ்! கிராமத்துல இப்படி ஒரு ஹாலா!” என்றார் தேசிகன்.

“ஆத்துல எத்தனை பேர்?” என்று கேட்டார் பூமா.

“ரெண்டே பேருங்கம்மா. ஆளுக்கொரு எடம். அந்த மூல எனுக்கு, இந்த மூல இவளுக்கு.”

வெங்கடம்மா தன் மூலையில் கண்காட்சிப் பொருள்போல நின்றாள்.

அப்போது வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. கிருஷ்ணம்மா நேராகக் கூடத்துக்குள் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. ஜாடியைத் தூக்கினாள், வைக்க இடம் தேடினாள், தேசிகன் கையில் கொடுத்தாள்.

“கொஞ்சம் புடிங்க சாமி.”

அவர் பிடித்துக்கொண்டார். அவள் கலம்காரியை உருவினாள். பெட்டி தெரிந்தது. மூடியைத் திறந்து புடவைகளைச் சரிபார்த்தாள்.

“அடடா! டீப்பாய்க்குள்ள பெட்டி! எப்படித் தோணித்து இந்த யோசனை?” என்று பூமா கைதட்டினார்.

கிருஷ்ணம்மா காகிதப் பூக்களைப் பிடுங்கித் தேசிகன் மடியில் போட்டுவிட்டுக் குடத்தை வாங்கிக்கொண்டாள்.

“ஜாடியும் குடமாறதே!” என்றார் தேசிகன், பரவசமாக.

“ரெண்டு பேரும் கொஞ்சம் எய்ந்துக்கங்க.”

எழுந்தார்கள். விரிப்பு போயிற்று. கயிற்றுக் கட்டில் வெளிப்பட்டது.

“ஒரு பொருள், ரெண்டு உபயோகம்! நூத்துக்கு நூறு! கன்னையா, இந்தம்மா யாரு? செஞ்சு காட்டறதுக்குன்னே ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கேளா?”

கீழே விழுந்த காகிதப் பூக்களைக் கன்னையா பொறுக்கத் தொடங்கினார்.

“உங்காத்து மனுஷாளா?” என்று பூமா கேட்டார்.

எளிய கேள்விதான். ஆமாம் என்றால், அவளுக்கு இடம் எங்கே என்று கேட்பார்கள். இல்லை என்றால், அவள் தூக்கிக்கொண்டு போகும் சாமான் யாருடையது என்று கேட்பார்கள். வெங்கடம்மா கூரையைப் பார்த்தாள். நான் வெங்கடம்மாவைப் பார்த்தேன்.

“அது வந்துங்க...” என்றார் கன்னையா. “இன்னும் முடிவு ஆவாத ஏரியாங்க.”

கிருஷ்ணம்மா முதல் முறையாகத் திரும்பினாள்.

“எல்ல போட்டவங்ககூட ஊருக்கு வந்து கேட்டுட்டுப் போனாங்கடா, நீங்கள்ளாம் இன்னா பேசறீங்க, எந்தப் பக்கம் இருக்கணும்னு. நீங்க ரெண்டு பேரும் என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“இப்பத்தான் கேக்கறனே அக்கா! எங்க போற?”

“புத்தூரு பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கொட்டாய் பேசிட்டேன். இட்லி போடப்போறேன்.”

“பஸ் ஸ்டாண்டுலயா? நம்ப வீட்டு கௌரவம் இன்னா ஆவறது?”

“அத்த எந்த கலருன்னு பாத்து, அந்த செக்ஷன்ல வெச்சிக்கோ.”

பெட்டி, கட்டில், குடம் எல்லாம் வண்டியேறின. புடவை ஒன்று ஆணியில் தொங்கியது. திரும்பி வந்து அதையும் எடுத்துக்கொண்டாள். வண்டி போயிற்று.

கூடத்தில் உட்கார எதுவும் மிஞ்சவில்லை. நடுவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தேசிகன் நான்கு சுவர்களையும் நிதானமாகப் பார்த்தார். கையில் ஒட்டியிருந்த காகித இதழைத் தட்டிவிட்டார்.

“அநாவசியப் பொருள் ஒண்ணுகூட இல்லை” என்றார். “இருக்கறது ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு. நிபந்தனைப்படி இதைவிடச் சிறந்த வீடு கிடையாது.”

கடிகாரம் கன்னையாவுக்கே கிடைத்தது. ‘ஒழுங்கே உயர்வு’ என்று தெலுங்கிலும் தமிழிலும் பேசி அதைப் பெற்றுக்கொண்டார். அது தொப்பி மாட்டியில் தொங்கி, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதைத் தவறாமல் அடித்துச் சொன்னது. சாப்பாடுதான் ஆகவில்லை. மாடு உதைத்தது; உலை பொங்கி அடுப்பை அணைத்தது; வெள்ளைப் பிரிவிலிருந்து உப்பு என்று வந்தது உப்பாக இல்லை.

வேறு வேலையாகப் போவதாகச் சொல்லிக்கொண்டு, ஒருநாள் கன்னையா என்னோடு புத்தூருக்குப் பஸ் ஏறினார். வேறு வேலை அந்தக் கொட்டகையில்தான் இருந்தது. உள்ளே டிரைவர்கள், கண்டக்டர்கள், நெசவுக்காரர்கள், மொட்டை போட்ட யாத்திரைக்காரர்கள் என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தமிழில் சட்னி கேட்டார்; பக்கத்தில் இருந்தவர் தெலுங்கில் அதை நகர்த்தினார்.

கன்னையா தொண்டையைச் செருமினார்.

“அக்கா, குந்தறதுக்கு எடம்...”

கிருஷ்ணம்மா ஆவி பறக்க இட்லியை இலையில் வைத்து நீட்டினாள்.

“பெஞ்சி நெறஞ்சி கீது. நின்னுக்கினு துன்னு தம்பி. யாராவது எய்ந்தா குந்து.”

கன்னையா நின்றுகொண்டே தின்றார். இரண்டாவது ஈடும் கேட்டு வாங்கித் தின்றார். கை கழுவியபின் கடையை ஒரு நிபுணரின் கண்ணோடு ஆராய்ந்து, என் காதருகே குனிந்தார்.

“ஒய்ங்கு பத்தாதுங்க.”

நான் மறுக்கவில்லை. மாதிரி இல்லத்தின் தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வந்தவனுக்கெல்லாம் இடம் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒழுங்கு எங்கிருந்து வரும்? வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளக் கன்னையா கண்ட வழிதான் வழி: பாடுபட்டவளின் சாமானை உள்ளே வைப்பது, பாடுபட்டவளை வெளியே வைப்பது.