அழுகைக்கு ஒரு பிஸ்கட்

"அழுடா கண்ணா, சீக்கிரம் அழு!"

சந்திரன் தன் மூன்று வயது மகனின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். மாடிப்படியில் வீட்டுக்கார அம்மாள் ஜெயம்மாவின் மெட்டிச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. உள்ளறையில் ஐந்து மாதக் குழந்தை லாவண்யா, பெங்களூரு மல்லேஸ்வரத்தையே கூட்டிவிடுவது என்ற தீர்மானத்தோடு வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

"பிஸ்கட்?" என்றான் யுவன்.

"ஒண்ணு தரேன்."

"ரெண்டு."

"சரிடா, ரெண்டு. அழு!"

யுவன் வாயைத் திறந்தான். உள்ளே உஷா அவசரமாகப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். தங்கை விட்ட இடத்திலிருந்து அண்ணன் தொடர்ந்தான்.

கதவைத் திறந்ததும் ஜெயம்மா நேராக யுவனிடம் போய் முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள்.

"ஏன்ப்பா, மகு இப்படி அழுவுது?"

"கீழ விழுந்துட்டான் ஆன்ட்டி."

"நேத்தும் விழுந்தானே?"

"அவனுக்கு அதே வேலை ஆன்ட்டி."

ஜெயம்மா கன்னடக்காரி; குழந்தை அவளுக்கு 'மகு'. ஆனால் முப்பது வருஷமாகத் தமிழர்களுக்கு வாடகைக்கு விட்டதில் நம்மைவிட நன்றாகவே தமிழ் பேசுவாள். வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றாள்.

"வேற ஒண்ணும் இல்லையேப்பா?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

இந்தக் கூத்துக்குக் காரணம் புரோக்கர் நோயல். ஆரணியிலிருந்து வந்து பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த சந்திரன், கையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகப் பதினோரு வீடு ஏறி இறங்கிவிட்டான். இரண்டு குழந்தை என்றதும் பதினோரு பேரும் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றிப் பேசினார்கள். பன்னிரண்டாவது வீட்டு கேட்டில் 'சிறு குடும்பத்துக்கு மட்டும்' என்று பலகை தொங்கியது.

"சிறு குடும்பம்னா ஒரு குழந்தை சார். ஓனர்கிட்ட ஒண்ணுன்னு சொல்லி வெச்சுட்டேன். ரெண்டுன்னு தெரிஞ்சா அன்னைக்கே வெளிய போன்னுடுவாரு" என்றான் நோயல்.

"அப்ப இன்னொண்ண என்ன பண்றது?"

"கைக்குழந்தை தானே சார்? கொஞ்ச நாளைக்கு வெளிய காட்டாதீங்க."

உஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்ததை ஒளிச்சு வெக்கறதா? அது என்ன திருட்டு நகையா?"

"நடுரோட்டுல நின்னுக்கிட்டு ஊருக்கெல்லாம் காட்டலாமா, சொல்லு?" என்றான் சந்திரன். அவள் வாயை அடைக்க அவனிடம் இருந்த ஒரே நியாயம் அதுதான்.

சாமான் இறக்கிய அன்று லாவண்யா அழுக்குத்துணிக் கூடையில், இரண்டு போர்வைகளுக்கு நடுவே படியேறினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பூசணிக்காயாவது வாயை மூடிக்கொண்டிருக்கும்.

யுவனைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தான் சந்திரன்.

"யார் கேட்டாலும் நம்ம வீட்ல பாப்பா இல்லைன்னு சொல்லணும். சரியா?"

"இருக்கே?"

"இருக்கு. ஆனா இல்ல. இருக்குன்னு சொன்னா நம்மள ரோட்டுல விட்டுருவாங்க. அப்புறம் அம்மா, அப்பா, பாப்பா எல்லாரும் மழையில நனையணும். உன்னாலதான்."

மூன்று வயதுக்கு அது போதுமான பாடம். யுவன் அதன்பிறகு ஒரு நாளும் வாய் தவறவில்லை.

அழுகைப் பிரச்சினை பிஸ்கட்டில் தீர்ந்தது. அடுத்து வந்தது கொடிப் பிரச்சினை. மொட்டைமாடியில் ஒரு டஜன் முக்கோணத் துணி காய்வதைப் பார்த்துவிட்டு ஜெயம்மா கேட்டாள்.

"இது யாருக்குப்பா?"

"யுவனுக்குத்தான் ஆன்ட்டி. இன்னும் நனைச்சுக்கறான்."

"மூணு வயசுலயா?"

"என்ன பண்றது ஆன்ட்டி, எங்க தலையெழுத்து" என்று சந்திரன் பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சு நன்றாக வந்ததில் அவனுக்கே ஒரு திருப்தி.

மறுநாளிலிருந்து ஜெயம்மா தினமும் ஒரு எள்ளுருண்டை கொண்டுவந்து யுவனுக்கு ஊட்டிவிட ஆரம்பித்தாள். படுக்கை நனைவதற்கு அது கைகண்ட மருந்தாம். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கொடியில் துணி காய்ந்தது தெருப் பிள்ளைகளின் கண்ணிலும் பட்டது. கேட்டருகே யுவன் தலை தெரிந்தால் போதும், "மூத்திரப் பையா!" என்று ஒரு கோஷ்டி கத்தும். பால்புட்டி, கிலுகிலுப்பை, கிரைப் வாட்டர் என்று வீட்டில் எது வெளியே தெரிந்தாலும் எல்லாம் யுவன் பேரில் வந்து சேர்ந்தது. நன்றாக ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, ஊர் கண்ணுக்கு ஐந்து மாதக் குழந்தையாகிப் போனான்.

போலியோ ஞாயிறன்று இரண்டு பெண்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். ஜெயம்மா பக்கத்திலேயே நின்றாள்.

"அஞ்சு வயசுக்குக் கீழ எத்தனை குழந்தை?"

"ஒண்ணு" என்றான் சந்திரன், ஜெயம்மா முகத்தைப் பார்க்காமல்.

பிறகு மகளைக் கூடையில் வைத்து, துண்டு மூடி, சுப்ரமண்யநகர் வரை நடந்தே போய் அங்கே சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வந்தான். திரும்பும்போது கேட்டில் ஜெயம்மா.

"காய் வாங்கிட்டு வரியாப்பா?"

"ஆமா ஆன்ட்டி."

கூடைக்குள்ளிருந்து காய் தும்மியது. சந்திரன் உடனே தானும் ஒரு தும்மல் போட்டான். ஜெயம்மா கூடையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜாக்கிரதையாத் தூக்கிட்டுப் போ. வேற ஒண்ணும் இல்லையேப்பா?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

அந்த வாரமே அவள் யுவனை மசூதிக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். "அய்யோ பாப, மகு பயந்து போயிருக்கு" என்றாள். அவள் போனதும் சந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். உஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிறு மதியம்தான் விஷயம் உண்மையிலேயே முற்றியது. யுவன் கீழே ஜெயம்மாவின் மடியில் உட்கார்ந்து கோடுபளே முறுக்கு தின்றுகொண்டிருந்தான். மேலே லாவண்யா எடுத்தாள் பாருங்கள் ஒரு சுருதி! பதிலுக்கு அழ ஆள் இல்லை. மெட்டிச் சத்தம் படியேறிற்று.

சந்திரன் குழந்தையைத் தூக்கி, குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த உஷாவிடம் திணித்தான். "குழாயைத் தொறந்து வுடு!" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் தொட்டுக்கொண்டு கதவைத் திறந்தான்.

இடுப்பில் யுவனோடு ஜெயம்மா நின்றாள். "யாருப்பா அழுதது?"

"நான்தான் ஆன்ட்டி."

"நீயா?"

"ஊர் ஞாபகம் வந்துடுச்சு."

சொன்னதை மெய்ப்பிக்க வேண்டுமே என்று ஒருமுறை "ங்ஙே" என்று அழுதும் காட்டினான். ஜெயம்மா அவனை வெகுநேரம் பார்த்தாள்.

சாயங்காலம் அவள் கணவர் வெங்கடசாமி ஒரு டம்ளர் காபியோடு மேலே வந்து அவன் தோளைத் தட்டினார். "ஆம்பள அழறதுல தப்பில்ல சந்திரன். ஆனா ஸ்வல்ப மெதுவா அழுங்க. பக்கத்து வீட்ல கேக்கறாங்க."

அன்றிலிருந்து பால்காரன் கூட அவனிடம் இரக்கத்தோடு பேசினான். சந்திரன் கவலைப்படவில்லை. தலைக்கு மேலே கூரை இருக்கிறது, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். மேலும், யுவன் இப்போது தொழிலில் நன்றாகத் தேறிவிட்டான். சொல்ல வேண்டியதே இல்லை, தங்கை ஆரம்பித்தவுடன் கண்ணில் நிஜத் தண்ணீரே வந்துவிடும். பிஸ்கட் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டான். அழுது முடிந்ததும் சமர்த்தாகக் கீழே இறங்கி, மாடிப்படிக்கு அடியில் தனியாக விளையாடப் போய்விடுவான்.

"பிறவி நடிகன்டீ உன் புள்ள" என்று உஷாவிடம் பெருமைப்பட்டான்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் வெங்கடசாமியும் ஜெயம்மாவும் சேர்ந்தே படியேறி வந்தார்கள். வழக்கம்போல் உட்காரவில்லை.

"யுவன் எங்கே?" என்றார் வெங்கடசாமி.

"கீழதான் சார், விளையாடறான்."

அவர் தொண்டையைக் கனைத்தார். "மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிடுங்க சந்திரன்."

"சார்!"

"குழந்தை அழற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு எங்களால இருக்க முடியல. மனசுல பட்டதைச் சொல்லிட்டேன்."

மறுபடி பதினோரு வீடு, பதினோரு தண்ணீர்க் கஷ்டம். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. உள்ளே ஓடி, தூங்கிக்கொண்டிருந்த லாவண்யாவைத் தூக்கி வந்து அவர்கள் முன்னால் நீட்டினான்.

"மன்னிச்சுடுங்க சார். இவதான் அழறா. எங்க பொண்ணு. ஒரு குழந்தைக்கு மேல இருந்தா வீடு குடுக்க மாட்டீங்கன்னு நோயல் சொன்னான். எங்களுக்கு வேற வழி தெரியல. இன்னும் கொஞ்ச நாள் சார், வளர்ந்தா அழுகை நின்னுடும்!"

வெங்கடசாமி முகத்தில் ஆச்சரியமே இல்லை. குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார்.

"நோயலா சொன்னான்? நான் அவன்கிட்ட நாய் கூடாதுன்னு மட்டும்தானே சொன்னேன். கேட்டுல பலகை கூட அவன் மாட்டினதுதான். இந்த வீட்ல நாங்களே ஒன்பது பேர் இருந்தோம்."

சந்திரன் பேந்தப் பேந்த விழித்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. நான்கு மாதக் கூத்தும் ஒரு புரோக்கரின் வாய்க்கொழுப்பா! உஷா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப இவ அழுதா பரவாயில்லையா சார்? நாங்க காலி பண்ண வேண்டாம்தானே?"

வெங்கடசாமி மனைவியைப் பார்த்தார். ஜெயம்மா லாவண்யாவின் பாதத்தைப் புடவைத் தலைப்பால் மூடிவிட்டு, சந்திரனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ அழறது எங்களுக்கு மொத நாளே தெரியும்ப்பா, நீயே வந்து சொல்லுவேன்னுதான் தினமும் கேட்டேன்; எங்களால கேக்க முடியலன்னு சொன்னது, இவ அழுது ஓய்ஞ்சப்புறம் எங்க மாடிப்படிக்கடியில ஒருத்தன் வாயைப் பொத்திக்கிட்டு அழறானே, அந்த அழுகையை."